தொழிற்சாலை எலக்ட்ரானிக்ஸ்: முதலில் 24 வோல்ட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்

கேள்வி இதுதான்: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர், ஓசூர் பக்கம் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் சிஎன்சி ஆபரேட்டராக இருக்கிறார். மெயின்டனன்ஸ் பிரிவுக்கு மாற விருப்பம். எலக்ட்ரானிக்ஸ் அடிப்படையை எங்கே தொடங்குவது? டிரான்சிஸ்டர் பாடத்திலா, ஆர்டுயினோ கிட் வாங்கியா, நேராக ஒரு பிஎல்சி (மெஷினை ஓட்டும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) கோர்ஸில் சேர்ந்தா?

மூன்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஷிஃப்ட் நடுவில் மெஷின் நின்றால், காரணம் பெரும்பாலும் சர்க்யூட் போர்டுக்குள் இருப்பதில்லை. சென்சார் தளர்ந்திருக்கும், கேபிள் செயினுக்குள் (நகரும் கேபிள்களைத் தாங்கும் சங்கிலி) ஒரு வயர் அறுந்திருக்கும், ரிலேயின் (காயிலுக்கு மின்சாரம் வந்தால் இயங்கும் சுவிட்ச்) கான்டாக்ட் கருகியிருக்கும், வால்வு காயில் போயிருக்கும். இவை எல்லாம் 24 வோல்ட் டிசி கன்ட்ரோல் சர்க்யூட்டில் இருப்பவை. அந்த 24 வோல்ட் பவர் சப்ளையிலிருந்து கிளம்பி எந்த இடம்வரை வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் மெயின்டனன்ஸ் வேலையில் காலூன்றிவிடலாம். டிரான்சிஸ்டர், பிஎல்சி எல்லாம் அதன் மேல் சுலபமாக ஏறும்.

முதல் செலவு மல்டிமீட்டர். கேட் 3 (வோல்டேஜ் எழுச்சியைத் தாங்கும் பாதுகாப்பு வகுப்பு), 600 வோல்ட் என்று முகப்பில் அச்சிட்ட, தெரிந்த பிராண்ட் மீட்டராக வாங்குங்கள். சாலையோரம் கிடைக்கும் மலிவு மீட்டர் 24 வோல்ட்டைச் சரியாகவே காட்டும். ஆனால் 415 வோல்ட் பேனலில் ஒரு வோல்டேஜ் எழுச்சி வந்தால் அது கையிலேயே வெடிக்கலாம். மீட்டரைப் பற்றி இரண்டு விஷயங்களை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கரண்ட் அளக்க சிவப்பு லீடை மில்லி ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றினால், அளந்த கையோடு வோல்ட் சாக்கெட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். மறந்துபோய் அப்படியே வோல்டேஜ் அளக்கப் போனால் மீட்டர் ஒரு ஷார்ட் வயராகிவிடும். மீட்டரின் உள் ஃபியூஸ் போகும், எதிரில் 415 வோல்ட் என்றால் அதோடு நிற்காது. இரண்டாவது, டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 10 மெகா ஓம். எதனோடும் இணையாமல் தொங்கும் வயர், பக்கத்து ஏசி வயரிலிருந்து தூண்டப்பட்ட மின்னழுத்தத்தை வாங்கி 60, 80 வோல்ட் என்று காட்டும். சப்ளை வருகிறது என்று அதை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு இன்டிகேட்டர் பல்பையோ ரிலே காயிலையோ லோடாகப் போட்டால் அந்த வோல்ட் மறைந்துவிடும்.

அடுத்து வீட்டு மேசையில் ஒரு சின்ன பேனல். 24 வோல்ட், 2.5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட் ஏசியை 24 வோல்ட் டிசியாக்கும் பவர் சப்ளை) ஒன்று, 2 ஆம்பியர் டிசி எம்சிபி (கரண்ட் மீறினால் தானே விழும் சுவிட்ச்) அல்லது கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டர், 35 மில்லிமீட்டர் டின் ரெயில் (பேனல் பொருள்களை மாட்டும் உலோகப் பட்டை) ஒரு அடி, டெர்மினல் பத்துப் பன்னிரண்டு, 14 பின் 24 வோல்ட் டிசி ரிலே இரண்டு, பேஸோடு, பச்சை என்ஓ (அமுக்கினால் மூடும்) புஷ் பட்டன், சிவப்பு என்சி (அமுக்கினால் திறக்கும்) புஷ் பட்டன், 24 வோல்ட் எல்இடி விளக்கு இரண்டு, எம்12 இன்டக்டிவ் சென்சார் (உலோகம் அருகே வந்தால் ஆன் ஆவது) இரண்டு, ஒன்று பிஎன்பி, மற்றது என்பிஎன் (வித்தியாசம் பின்னால் வரும்), 0.75 சதுர மில்லிமீட்டர் வயர், பின் லக்ஸ் (வயர் நுனியில் போடும் உலோக முனை), அதை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிங் டூல். சென்னையில் ரிட்சி ஸ்ட்ரீட்டில் எல்லாம் கிடைக்கும். மெயின்டனன்ஸ் ஸ்டோரில் ஸ்கிராப்புக்கு ஒதுக்கிய பழைய பேனல் இருந்தால் அனுமதி கேட்டுப் பாருங்கள், பாதிச் செலவு குறையும். எஸ்எம்பிஎஸ்ஸின் இன்புட் பக்கம் 230 வோல்ட் என்பதால் அந்த டெர்மினலை மூடியே வையுங்கள், எர்த் வயரைக் கட்டாயம் இணையுங்கள்.

முதலில் கட்ட வேண்டியது ஹோல்டிங் சர்க்யூட். பிளஸ் 24, எம்சிபி வழியாகச் சிவப்பு பட்டனுக்கு, அதிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து ரிலே காயிலின் 14-ஆம் பின்னுக்கு, 13-ஆம் பின்னிலிருந்து 0 வோல்ட்டுக்கு. ரிலேயின் 9, 5 பின்கள் ஒரு என்ஓ கான்டாக்ட். அவற்றைப் பச்சை பட்டனுக்கு இணையாகப் போடுங்கள். பச்சையை அமுக்கினால் ரிலே இழுக்கும், கை எடுத்தாலும் பிடித்துக்கொள்ளும், சிவப்பை அமுக்கினால் விடும். எல்இடி உள்ள ரிலேக்குப் பிளஸ், மைனஸ் பார்த்துப் போட வேண்டும். எந்தப் பின்னில் எது என்று ரிலேயின் மேலேயே வரைந்திருக்கும். மோட்டார் ஸ்டார்ட்டர்களில் நடப்பதும் இதுதான். அங்கே ரிலேக்குப் பதில் கான்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய ரிலே), 9, 5-க்குப் பதில் 13, 14, சிவப்பு பட்டனோடு தொடராக ஓவர்லோடு ரிலேயின் (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் திறப்பது) 95, 96.

கட்டி முடித்ததும் மீட்டரின் கறுப்பு லீடை 0 வோல்ட் டெர்மினலில் நிரந்தரமாகச் செருகிவிட்டு, சிவப்பு லீடோடு வழி நெடுக நடந்து பாருங்கள். எம்சிபிக்குப் பின் 24. சிவப்பு பட்டனுக்குப் பின் 24. பச்சைக்குப் பின் 0. இனி பச்சை பட்டனின் இரண்டு முனைகளிலும் நேராக லீடை வையுங்கள்: 24 காட்டும். அமுக்கினால் 0. திறந்த கான்டாக்டின் குறுக்கே முழு வோல்டேஜும் நிற்கும், மூடிய கான்டாக்டின் குறுக்கே ஒன்றும் இருக்காது. இதைக் கண்ணால் பார்த்துப் பழகாதவர்கள்தான் நாலைந்து வருடம் கழித்தும் “இங்கே 24 இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை” என்று பேனல் முன் நிற்கிறார்கள்.

இந்த வகை ரிலேயின் காயில் சுமார் 650 ஓம் இருக்கும். 24-ஐ 650-ஆல் வகுத்தால் 37 மில்லி ஆம்பியர். மீட்டரைத் தொடரில் போட்டு அந்த எண் வருகிறதா என்று பாருங்கள். ஓம் விதிக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பிறகு காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு (ஒரே திசையில் மட்டும் கரண்ட்டை விடுவது) ஒன்றைப் போடுங்கள், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். காயிலில் ஓடும் கரண்ட்டைத் திடீரென்று அறுத்தால் அது எதிர்த் திசையில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழுச்சியைக் கிளப்பும். அந்த எழுச்சிதான் பிஎல்சியின் டிரான்சிஸ்டர் அவுட்புட்டைக் கொல்கிறது, கான்டாக்டைக் கருக்குகிறது. டயோடு அதைக் காயிலுக்குள்ளேயே சுற்றவிட்டு அடக்குகிறது. திருப்பிப் போட்டால் நேர் ஷார்ட், ஃபியூஸ் போகும். ஏசி காயிலுக்கு டயோடு ஆகாது, அதற்கு ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் தொடராகச் சேர்ந்தது).

இனி நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் ஒரு கோளாறு வைக்கச் சொல்லுங்கள். லக்ஸுக்குள் வயரைத் தளர்வாக விடலாம், ரிலே கான்டாக்டுக்கு இடையில் காகிதத் துண்டு செருகலாம், வயரின் தோல் மேலேயே டெர்மினல் ஸ்குரூவை இறுக்கலாம். இந்தக் கடைசி கோளாறு ஆலைகளில் மிகச் சாதாரணம்: வெளியிலிருந்து பார்த்தால் வயர் இறுக்கமாக இருக்கும், இழுத்தாலும் வராது, உள்ளே செம்பு தொட்டிருக்காது. இன்னொன்றும் செய்து பாருங்கள். பல இழை வயரில் ஒரே ஒரு இழையை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டு மீட்டரில் கன்டினியூட்டி (வயர் தொடர்ச்சியை பீப்பில் சொல்லும் சோதனை) பாருங்கள். மீட்டர் சந்தோஷமாக பீப் அடிக்கும். அறுந்துகொண்டிருக்கும் வயரும், கருகிய கான்டாக்டும் இதே மாதிரி பீப்பில் தேறிவிடும். இரண்டு ஆம்பியர் வாங்கும் லோடை மாட்டினால் அங்கேயே வோல்ட் விழும். அதனால் கன்ட்ரோல் சர்க்யூட்டில் சந்தேகம் வந்தால் லோடு இணைந்திருக்கும்போது வோல்டேஜ் பாருங்கள். சப்ளையில் 24, காயிலில் 17 என்றால் நடுவில் எங்கோ 7 வோல்ட் தொலைகிறது. ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் அளந்தால் அது மாட்டும்.

மேசை வேலை கைக்கு வந்ததும் உங்கள் மெஷினின் மின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பேனல் கதவின் உட்புறப் பையிலேயே இருக்கும். எழுத்துகள் குறைவுதான்: கே ரிலே, எஃப் ஃபியூஸ், எஸ் சுவிட்ச், பி சென்சார், ஒய் வால்வு காயில், எக்ஸ் டெர்மினல், எம் மோட்டார். சில கம்பெனிகள் வேறு எழுத்து வைக்கும், முதல் பக்கத்தில் பட்டியல் இருக்கும். வரைபடம் சப்ளை இல்லாத, யாரும் எதையும் அமுக்காத நிலையில் வரையப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. என்சி என்று வரைந்த கான்டாக்ட், மெஷின் ஓடும்போது திறந்திருக்கலாம். ரிலே காயிலுக்குக் கீழே அதன் கான்டாக்டுகள் எந்தப் பக்கம், எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று எண்கள் இருக்கும். அந்த எண்களைப் பிடித்துப் பக்கம் தாவப் பழகுவதுதான் வரைபடம் படிப்பது. வயர் முனையில் இருக்கும் எண் ஃபெரூலும் (எண் அச்சிட்ட சிறு வளையம்) வரைபடத்து எண்ணும் ஒன்றாக இருக்கும். இருக்க வேண்டும் என்று சொல்வதே சரி, ஏனென்றால் யாராவது அவசரத்தில் மாற்றிவிட்டுக் குறிக்காமல் போயிருப்பார்கள். நீங்கள் மாற்றினால் பென்சிலால் தேதியோடு குறித்துவையுங்கள்.

சென்சாருக்கு வருவோம். மூன்று வயர் சென்சாரில் பழுப்பு பிளஸ் 24, நீலம் 0 வோல்ட், கறுப்பு அவுட்புட். பிஎன்பி வகை ஆன் ஆனால் கறுப்பு வயரில் பிளஸ்ஸைக் கொடுக்கும். என்பிஎன் வகை கறுப்பு வயரை 0 வோல்ட்டுக்கு இழுக்கும். ஐரோப்பிய மெஷின்களில் பிஎன்பி வழக்கம். பழைய ஜப்பானிய, தைவான் மெஷின்களில் என்பிஎன் நிறைய. ஸ்டோரில் இருந்த ஏதோ ஒன்றை அவசரத்தில் மாட்டினால் நடப்பது இது: இரும்பைக் காட்டினால் சென்சாரின் விளக்கு எரியும், பிஎல்சி இன்புட் விளக்கு எரியாது. விளக்கு எரிகிறதே, சென்சார் நன்றாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் புரோகிராமைச் சந்தேகிப்பார்கள். கறுப்புக்கும் நீலத்துக்கும் இடையே அளந்தால் உண்மை தெரியும். பிஎன்பி ஆன் ஆகும்போது 22, 23 வோல்ட் வர வேண்டும். என்பிஎன் என்றால் எதிர்மாறு, ஆன் ஆகும்போது பூஜ்யத்தை ஒட்டி விழும். என்பிஎன் சென்சாரைத் தனியாக மேசையில் சோதிக்கும்போது பழுப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். லோடு இல்லாமல் அளந்தால் மீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக் குழப்பும்.

தூரமும் முக்கியம். சாதாரண எம்12 ஃப்ளஷ் வகை (முகம்வரை உலோகத்துக்குள் புதைக்கக்கூடியது) 2 மில்லிமீட்டர், நான் ஃப்ளஷ் வகை 4 மில்லிமீட்டர் வரை பார்க்கும், அதுவும் இரும்புக்கு. அலுமினியம் என்றால் ஏறக்குறைய பாதிக்கும் கீழே குறையும். நான் ஃப்ளஷ் சென்சாரை உலோகத் துளைக்குள் முழுக்கப் புதைத்தால் சுற்றியுள்ள உலோகத்தையே பார்த்துக்கொண்டு எப்போதும் ஆனிலேயே நிற்கும்.

ஒரு கோளாறை முழுதாகப் பார்க்கலாம். ஃபிக்சரில் கிளாம்ப் சிலிண்டர் இறங்கிவிட்டது, ஆனால் சைக்கிள் தொடங்கவில்லை. “கிளாம்ப் ஓகே” சிக்னல் வரவில்லை என்று அலாரம். முதலில் பார்க்க வேண்டியது பிஎல்சி இன்புட் கார்டின் விளக்கு, ஏனென்றால் சென்சாருக்கும் புரோகிராமுக்கும் சரியாக நடுவில் இருப்பது அதுதான். அது எரிந்தால் சென்சார், கேபிள், டெர்மினல் அத்தனையும் ஒரே பார்வையில் கழிந்துவிடும். இங்கே எரியவில்லை. சிலிண்டர் மேலிருக்கும் மூன்று வயர் காந்த சென்சாரின் விளக்கோ எரிகிறது. ஆகக் கோளாறு இரண்டுக்கும் நடுவில். இன்புட் டெர்மினலில் அளந்தால் 0. மெஷினின் நடுவிலிருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் அதே நம்பர் வயரில் 23.6. பாக்ஸுக்கும் பேனலுக்கும் இடையில் கேபிள் செயின் ஓடுகிறது. வயர் அதற்குள்தான் அறுந்திருக்கிறது. கேபிளில் உபரி கோர் இருந்தால் இரு முனையிலும் மாற்றி மெஷினை ஓட்டிவிடலாம். ஆனால் ஒரு கோர் அறுந்த கேபிளில் அடுத்தது சீக்கிரமே அறுகும், அதனால் செயினுக்கென்றே செய்த நெகிழ் கேபிளை வாங்கி அடுத்த விடுமுறையில் மாற்ற வேண்டும். வால்வு வேலை செய்யாவிட்டாலும் இதே வழிதான், அவுட்புட் விளக்கிலிருந்து எதிர்த் திசையில்: ரிலே, டெர்மினல், கனெக்டர், காயில். 24 வோல்ட், 4.8 வாட் காயில் என்றால் 120 ஓம் வர வேண்டும். முடிவிலி காட்டினால் அறுந்தது, நாலைந்து ஓம் காட்டினால் ஷார்ட்.

பிஎல்சி இன்புட் எதை ஆன் என்று எடுக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான 24 வோல்ட் இன்புட்டில் 15-க்கு மேல் ஆன், 5-க்குக் கீழே ஆஃப். நடுவில் இருக்கும் வோல்டேஜுக்கு உத்தரவாதம் இல்லை. ஒரு சென்சார் சில நேரம் வேலை செய்து சில நேரம் விடுகிறது என்றால், வெட்டும் எண்ணெய் இறங்கிய கனெக்டரில் வோல்ட் இந்த நடுப்பகுதிக்கு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அனலாக் பக்கம் 4–20 மில்லி ஆம்பியர் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். 0 முதல் 10 பார் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் (அளவைக் கரண்ட்டாக அனுப்பும் சென்சார்) என்றால் 4 மில்லி ஆம்பியர் 0 பார், 12 என்பது 5 பார், 20 என்பது 10 பார். பூஜ்யத்தில் தொடங்காததற்குக் காரணம், வயர் அறுந்தால் 0 மில்லி ஆம்பியர் வரும், அதை “பிரஷர் இல்லை” என்று குழப்பிக்கொள்ளாமல் கோளாறு என்று கண்டுகொள்ளலாம். லூப்பில் 250 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதன் குறுக்கே 1 முதல் 5 வோல்ட் அளக்கலாம், வயரைக் கழற்றவே வேண்டாம். ஓடும் மெஷினில் வயரைக் கழற்றினால் அலாரம் போட்டு நிற்கும்.

வெப்பநிலைக்கு இரண்டு வகை சென்சார். பிடி100 என்பது 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். அறை வெப்பத்தில் 110 ஓம் அளவில் காட்டினால் நல்லது. இணைப்பில் ஒரு ஓம் கூடுதலாகச் சேர்ந்தால் கிட்டத்தட்ட 2.6 டிகிரி அதிகமாகக் காட்டும். மூன்று வயர் வைப்பது கேபிளின் ரெசிஸ்டன்ஸைக் கழிக்கத்தான். இரண்டாவது வகை தெர்மோகப்பிள், இரண்டு உலோக வயர்கள் சேரும் இடத்தின் வெப்பத்துக்கு ஏற்பச் சிறு வோல்டேஜ் தருவது. அதில் பிளஸ், மைனஸ் மாறினால் ஹீட்டர் சூடேற ஏற கன்ட்ரோலரில் எண் இறங்கும். கேபிள் வழியில் நசுங்கி ஷார்ட் ஆனால் நசுங்கிய இடத்தின் வெப்பத்தைக் காட்டும். கன்ட்ரோலர் அது போதவில்லை என்று ஹீட்டரை விடாமல் ஓட்டும். பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினில் பேரல் கருகுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று எஸ்எஸ்ஆர். இந்த சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் கெடும், அதாவது கன்ட்ரோலர் ஆஃப் சொன்னாலும் ஹீட்டர் எரியும். லோடைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்ஆரைச் சோதிக்காதீர்கள். ஆஃப் நிலையிலும் அதில் கசியும் சிறு கரண்ட் மீட்டரில் முழு 230-ஐயும் காட்டி, நல்ல எஸ்எஸ்ஆரைக் குப்பையில் போட வைக்கும்.

விஎஃப்டி (மோட்டாரின் ஸ்பீடை மாற்றும் டிரைவ்) பக்கம் போகும்போது அவசரப்படாதீர்கள். 415 வோல்ட் சப்ளை என்றால் உள்ளே டிசி பஸ் 587 வோல்ட் அளவில் இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்துவைத்திருக்கும். உறையில் எழுதியிருக்கும் நிமிடங்கள் காத்திருந்து, பிளஸ், மைனஸ் டெர்மினலில் டிசி அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மோட்டாரை மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) செய்யும்போது யு, வி, டபிள்யூ வயர்களை டிரைவிலிருந்து கழற்றிவிடுங்கள். மெகரின் 500 வோல்ட் டிரைவுக்குள் போனால் அது போய்விடும். ஸ்பீடு குறைக்கும்போது ஓவர் வோல்டேஜ் டிரிப் ஆனால் பெரும்பாலும் டிரைவ் கெட்டதல்ல. சுமை தானே சுற்றி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. டிசெலரேஷன் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், போதாவிட்டால் பிரேக் ரெசிஸ்டர்.

பாதுகாப்பை இத்தனை தள்ளிச் சொல்வதால் சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 24 வோல்ட் ஆளை அடிக்காது, ஆனால் அதே பேனலில் ஒரு சாண் தள்ளி 415 வோல்ட் இருக்கிறது. பேனலின் ஐசொலேட்டரை (மெயின் சுவிட்ச்) அணைத்தாலும் அதன் மேல் டெர்மினலில் சப்ளை இருந்துகொண்டே இருக்கும். ஐசொலேட்டரில் உங்கள் பூட்டைப் போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். சப்ளை இல்லை என்று உறுதி செய்ய, முதலில் சப்ளை இருக்கும் இடத்தில் மீட்டரைச் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் அளந்து, மறுபடி சப்ளை இருக்கும் இடத்தில் சோதியுங்கள். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது. ஆலை உங்களுக்கு எழுத்தில் அனுமதி தராதவரை 415 வோல்ட் பக்கம் போகவே வேண்டாம். எமர்ஜென்சி ஸ்டாப், கதவு சுவிட்ச், லைட் கர்ட்டன் (குறுக்கே கை வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித் திரை) இவற்றைச் சோதனைக்காகக்கூட வயர் போட்டு பைபாஸ் செய்யாதீர்கள், யார் சொன்னாலும். ஸ்டாப் பட்டன்கள் என்சியாக இருப்பதே வயர் அறுந்தால் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த ஏற்பாட்டை ஒரு துண்டு வயர் அழித்துவிடும், அடுத்த ஷிஃப்டில் கையை விடுபவருக்கு அது தெரியாது.

படிப்புக்கு: சென்னை கிண்டியில் இருக்கும் நிமி என்ற மத்திய அரசு நிறுவனம்தான் ஐடிஐ பாடநூல்களைத் தயாரிக்கிறது. எலக்ட்ரானிக் மெக்கானிக், எலக்ட்ரீஷியன் டிரேடுகளின் செய்முறை நூல்களை எடுத்து, ரிலே, கான்டாக்டர், சென்சார் பயிற்சிகளை மட்டும் முதலில் செய்யுங்கள். டயோடு, டிரான்சிஸ்டரைச் சுவிட்சாகப் பயன்படுத்துவது, ஆப்டோகப்ளர், இந்த மூன்று பாடங்களை இப்போது படித்தால் பிஎல்சி இன்புட், அவுட்புட் கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று தானாகப் புரியும். ஆம்ப்ளிஃபையர், ரேடியோ பாடங்களை விட்டுவிடலாம். பிஎல்சி கோர்ஸில் சேர்வதற்கு முன் அந்த இடத்துக்கு நேரில் போய் மேசையைப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் சிமுலேஷன் மட்டும்தானா, அல்லது நிஜ சென்சாரையும் வால்வையும் மாணவரே வயர் செய்ய விடுகிறார்களா என்று கேளுங்கள். திரையில் மட்டும் லேடர் (பிஎல்சி புரோகிராம்) எழுதியவருக்கு அதன் ஒவ்வொரு கான்டாக்டுக்குப் பின்னாலும் ஒரு வயர் இருப்பது உறைக்காது. காசு அந்த இரண்டாவது வகை இடத்துக்கே போகட்டும்.

ஆலைக்குள் நுழைவதற்கு நல்ல வாசல் தடுப்புப் பராமரிப்பு நாள். டெர்மினல் இறுக்குவது, பேனல் ஃபில்டர் மாற்றுவது, சென்சார் முகத்தைத் துடைப்பது போன்ற வேலைகளை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். எதைக் கழற்றும் முன்னும் ஃபோட்டோ எடுங்கள், டிரைவ் மாற்றினால் பழையதன் பாராமீட்டர்களையும் கார்டு மாற்றினால் அதன் டிப் சுவிட்ச் (கார்டில் இருக்கும் குட்டிச் சுவிட்சுகள்) நிலையையும் எழுதிவையுங்கள். சுவிட்ச் நிலை ஒன்று மாறிப்போனால் புதுக் கார்டே கெட்டது என்று திருப்பி அனுப்பப்படும், மெஷின் இன்னும் சில நாள் நிற்கும்.